தண்ணீர் தெரியாமல் பன்னிரண்டு படங்கள்

வெள்ளிக்கிழமை பின்னேரம் லெஸ்டர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தான். உட்காரப் போவதில்லை, சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறான் என்று அதிலேயே தெரிந்தது.

"நாளைக்குச் செங்கலடியில கலியாணம். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடோணும். நீயும் வாறாய்."

ஷோன் சாப்பாட்டு மேசையில் கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "நாளைக்குச் சனிக்கிழம," என்றான்.

"பின்ன கலியாணத்த எப்ப வைக்கிற? திங்கக்கிழமையா?"

"ஸியாமக் கூட்டிற்றுப் போ மச்சான்."

"ஸியாம் முந்தநாள் பைக்கால விழுந்து கைய முறிச்சிற்றுக் கிடக்கான். நான் உன்னக் கேக்கல்ல. சொல்றன்."

"நான் வரல்ல."

"அப்ப இந்தக் கமராவ ஸ்டூடியோவுக்குத் தா. அது ஸ்டூடியோட சாமான். டெனீஸ் எடுத்துத் தந்தாள் எண்டதுக்காக உன்ட ஆகாது. நாளைக்கு வந்தா உன்னட்டயே இருக்கும். வரல்லயெண்டா பின்னேரம் வந்து எடுத்திற்றுப் போவன்."

லெஸ்டர் ஷோனின் மனைவி டெனீஸின் அண்ணன். ஸ்டூடியோ இருவருக்கும் பொது. அவன் கலியாண வீடுகளுக்குப் போவான். அவள் பின்னறையில் இருந்து அல்பம் கட்டுவாள். நான்கு வருடங்களுக்கு முன் ஸ்டூடியோவுக்குப் புதிதாக இரண்டு கமரா வந்தபோது ஒன்றைத் தூக்கி வந்து ஷோனின் கையில் வைத்தாள். தமையனிடம் கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பதினான்கு மாதங்களுக்கு முன் டெங்குக் காய்ச்சலில் ஐந்தாம் நாள் செத்துப்போனாள். முப்பது வயது.

வீடு அவள் பெயரில் இருந்தது. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். இவர்களைப் போன்ற, போர்த்துக்கீச வழிவந்த பறங்கியரும் அந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டார்கள். அதனால் ஷோனை வெளியே போ என்று யாரும் சொல்ல முடியவில்லை. லெஸ்டர் கல்லடியில் தன் மனைவி வீட்டில் இருந்தான். இந்தத் தாண்டவன்வெளி வீட்டில் ஷோனும் மாமியார் எடித்தும் மட்டும்தான். எடித் அவனோடு பேசுவதில்லை. சோறு இருக்கிறது என்பதைக் குளிர்சாதனப் பெட்டியிடம் சொல்வாள். குழாய் ஒழுகுகிறது என்பதைச் சுவரில் இருந்த மாதாவிடம் சொல்வாள். அவன் அதைக் கேட்டு நடந்துகொள்வான்.

காரணம் ஒரு படம்.

அவர்கள் குடும்பத்தில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் எல்லாரும் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். மெல்பேர்னில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்புவதற்கு. அன்று மழை. ஸ்டூடியோப் பொடியன் ஸியாம் ஏறாவூரில் இருந்து வந்து சேரவில்லை. லெஸ்டர் தமையன், தங்கையின் தலைமாட்டில் அவன் நிற்கவேண்டும். பாதிரியார் மணிக்கூட்டைப் பார்த்தார். லெஸ்டர் கமராவை ஷோனின் கையில் திணித்தான். "நீ எடு மச்சான். ஒரு நிமிஷ வேல." செத்துக் கிடப்பவளின் புருஷன் படத்தில் நிற்கவேண்டுமே என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷோனுக்கும் தோன்றவில்லை. அவன் இரண்டு இரவு தூங்கியிருக்கவில்லை.

எட்டு வருடமாக அந்தக் குடும்பத்தின் ஞானஸ்நானம், பிறந்தநாள், நத்தார் எல்லாவற்றுக்கும் அவன்தான் படம் எடுத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் எடித் மட்டும் வாயை இறுக்கிக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு தடவையும் அவன் ஒரே வார்த்தையைச் சொல்வான். அன்றும் கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதும் வாய் தன் பாட்டில் சொல்லிவிட்டது.

"மம்மி, கொஞ்சம் சிரிங்க."

எடித் சிரித்தாள்.

அவளும் நினைத்துச் செய்யவில்லை. எட்டு வருடப் பழக்கம். விரல் அழுத்திவிட்டது. படத்தில் பதினொரு பேர். பத்துப் பேர் அழுகிறார்கள். நடுவில் தாய், மகளின் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். லெஸ்டர் கண்ணீரோடு பார்க்காமலேயே படத்தை மெல்பேர்னுக்கு அனுப்பினான். அன்றிரவே எடித்தின் தங்கை தொலைபேசியில் கேட்டாளாம்: "எடித், உனக்கு என்ன பிடிச்சது?"

அதற்குப் பிறகு ஷோனுக்கு அந்த வீட்டில் மிஞ்சியது சனிக்கிழமை மட்டும்தான். திங்கள் முதல் வெள்ளி வரை வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் மண் பரிசோதனை வேலை. ஞாயிறு பூசை. சனிக்கிழமை விடிய முன் காத்தான்குடி ஆற்றங்கரைக்குப் போய் ஊரில் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற மஜீட்டின் தோணியில் ஏறுவான். மூன்று மணித்தியாலம். அந்தப் படங்களை யாரும் கேட்கவில்லை, யாருக்கும் கொடுக்கவேண்டியதில்லை. ஒரே ஒரு முறை டெனீஸ் இருந்த காலத்தில் லெஸ்டரோடு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தான். பெண்ணின் மாமாவை எடு, கேக்கை எடு, இவரை விட்டுவிட்டாய் அவரை எடு என்று நாள் முழுக்க ஏவினார்கள். பிறகு ஒரு மாதம் கமராவைத் தொடவே அருவருப்பாக இருந்தது. "இவன இனிமேல் கூப்பிடாத," என்று டெனீஸ் தமையனுக்குச் சொல்லியிருந்தாள். அவள் சொல் இப்போது செல்லாது.

சனிக்கிழமையில் சந்தோஷம் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பதினான்கு மாதமாக, ஊரார் ஆறு என்கிற அந்த வாவியைத்தான் எடுத்தான். காட்டியவர்கள் எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். டெனீஸ் அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை; எங்கே பிழை என்றுதான் சொல்வாள். இப்போது எதைக் காட்டினாலும் நல்லா இருக்கு. காய்ச்சல்காரன் வாய்க்குச் சோறு போல இருந்தது. ஆனாலும் விடவில்லை. அதையும் விட்டால் பிறகு விடுவதற்கு ஒன்றும் இல்லை.

"சொன்னது விளங்கினதா?" என்றான் லெஸ்டர்.

எடித் ஈரக் கையோடு குசினி வாசலுக்கு வந்தாள். மகனைப் பார்த்துச் சொன்னாள்: "இவனயா கூட்டிற்றுப் போகப் போறாய்? செத்த வீட்டில சிரிக்கச் சொன்னவன், கலியாண வீட்டில அழச் சொல்லுவான்."

"எனக்கு ஆள் இல்ல மம்மி."

"ஆள் இல்லாட்டி ஒரு கதிரயக் கொண்டுபோய் நிப்பாட்டு. அது இவனவிடத் திறம்."

"ஆறு மணி," என்று ஷோனைப் பார்த்துச் சொல்லிவிட்டு லெஸ்டர் போனான். மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முடியும் வரை கோபத்தோடு இரைந்தது.

எடித் போகவில்லை. மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"அப்படி என்னத்த எடுக்கிறாய் அங்க? காட்டு."

ஷோன் சுற்றிப் பார்த்தான். வேறு யாரும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி பின்னால் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள்.

மடிக்கணினியைத் திறந்தான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். உட்காரவில்லை.

"தண்ணி," என்றாள் முதல் படத்துக்கு. அவன் தட்டினான். "தண்ணி." தட்டினான். "இதென்ன?"

"விடியக்கால வெளிச்சம்."

"தண்ணி." தட்டினான். "இதும் தண்ணி. இது கலங்கின தண்ணி." நாற்பது படம் வரை பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். "பதினாலு மாசம் இதுக்கா போனாய்? இத எங்கட குழாயத் திறந்துவிட்டும் எடுக்கலாமே."

ஷோனுக்குக் காது சுட்டது. "எல்லாரும் நல்லா இருக்கெண்டுதான் சொல்றாங்க."

"பொண்டாட்டி செத்தவனுக்கு வேற என்ன சொல்லுவாங்க?"

அவன் மடிக்கணினியை அடித்து மூடினான். எதையாவது அடித்து மூடி எவ்வளவு காலம் என்று அவனுக்கே நினைவில்லை. அவள் அசையவில்லை.

"தண்ணி தெரியாம எடு பாப்பம். ஆத்துக்கு நடுவில நிண்டு, ஒரு சொட்டுத் தண்ணி தெரியாம. ஏலாது உனக்கு."

"ஏலும்."

"எத்தின?"

"பன்னெண்டு."

"கொண்டுவா. என்ட கண்ணால பாக்கிறன்," என்றாள். பொலிஸில் சொல்லிக் கொடுப்பேன் என்பது போல இருந்தது அந்தத் தொனி.

விடிய ஐந்து மணிக்குத் தொலைபேசியை நிறுத்திவிட்டுப் போனான்.

மஜீட் காக்கா ஐம்பது வயது ஆள். இறால்காரர். சனிக்கிழமை மட்டும் இயந்திரத்தைக் கழற்றிவைத்துவிட்டுக் கம்பால் ஊன்றி ஷோனைக் கொண்டுபோவார். விஷயத்தைக் கேட்டதும் கம்பை நிறுத்தினார்.

"ஆத்துக்கு வந்து தண்ணி வேணாமா? அப்ப ஊட்டுல கட்டில்ல படுத்துக்கிட்டு எடுக்கலாமே தம்பி. எனக்கும் நித்திர கெட்டிரிக்காது."

"ஒரு ஆள் ஏலாது எண்டு சொல்லிற்று."

"ஆரு?"

"மாமி."

"மாமி கதைச்சாவா?" மஜீட் கம்பை விட்டுவிடப் பார்த்தார். "அல்லாவே. அப்ப எடுக்கத்தான் வேணும்."

எங்கே திருப்பினாலும் தண்ணீர். கமராவைக் கண்ணில் வைத்தால் அடியில் ஒரு கோடாவது பளபளத்தது. அரை மணித்தியாலம் ஒன்றும் கிடைக்கவில்லை. எடித்தின் குரல் காதில் இருந்தது. ஏலாது உனக்கு. தோணியின் அடிப்பலகையில் மல்லாந்து படுத்தான். தலைக்கு மேலே வலைக்கம்பு ஒன்று. அதன் நுனியில் நீர்க்காகம் எச்சமிட்டு எச்சமிட்டு வெள்ளைத் தொப்பி வைத்திருந்தது. எடுத்தான். ஒன்று.

எழுந்தபோது மஜீட்டின் குதிக்கால் கண்ணில் பட்டது. வெடித்து, வெடிப்புக்குள் உப்புப் படிந்திருந்தது. குளத்துச் சேறு காய்ந்தால் அப்படித்தான் வெடிக்கும். வேலையில் அவன் தினமும் பார்க்கிற வெடிப்பு. தோணியின் விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு எடுத்தான்.

"என்ட காலயா எடுக்கிறீங்க?"

"ஆடாம நில்லுங்க காக்கா."

"முகம் என்னா செஞ்சிச்சி ஒங்களுக்கு?"

கண்டல் வேரில் யாரோ ஒரு சேட்டைக் கழற்றிக் காயப் போட்டிருந்தார்கள். தூரத்தில் தோணியில் போன இரண்டு பேரை நெஞ்சுக்கு மேலே மட்டும் வெட்டி எடுத்தான். பின்னால் கண்டல் காடு. தோணி தெரியாததால் மரங்களுக்குள் இரண்டு பேர் குந்திக்கொண்டு எங்கேயோ போவது போல இருந்தது. வலை இழுத்தவன் ஒருவனின் தோள். அடுத்தது அவன் தூக்கிய வலை. வலையிலிருந்து சொட்டுகள் விழுந்தன.

"இது கணக்கா இல்லயா?" என்று திரையை மஜீட்டுக்குக் காட்டினான். "சொட்டுத்தானே."

மஜீட் பார்த்தார். "சொட்டு தண்ணி இல்லாம பின்ன என்னா, தேனா?"

"காத்தில நிக்கிற தண்ணி தண்ணியா?"

"அப்ப மழைக்கி நீங்க நனையிறல்லயா?"

ஷோன் சிரித்துவிட்டான். தோணி ஆடியது. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான். எட்டே முக்கால். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் டெனீஸ் நினைவில் வரவில்லை. கமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் குந்தினான். மஜீட் கம்பை ஊன்றினார். கொஞ்ச நேரம் போனபின், "எத்தின ஆச்சி?" என்றார்.

"எட்டு."

"இன்னும் நாலு இரிக்கி. சும்மா போனா அந்த மனிசிக்கி நான் பதில் சொல்ல ஏலாது."

பையைத் திறந்தான்.

பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் எடித் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "சமையல் முடியட்டும்." சமையல் முடிந்தது. "நித்திர கொண்டு எழும்பட்டும்." எழுந்தாள், முகம் கழுவினாள், தேத்தண்ணி ஊற்றினாள். தனக்கு மட்டும். மூன்றரை மணிக்குத்தான் மேசைக்கு வந்தாள். அவன் அதுவரை அதே கதிரையில் இருந்தான். படித்த காலத்தில் சோதனை மறுமொழிக்குக்கூட அவன் அப்படிக் காத்திருந்ததில்லை.

முதல் படத்தைப் பார்த்தாள். "இது என்ன?"

"காகப் பீ."

"தெரியுது." வேண்டாம் என்று தள்ளாமல் அடுத்ததுக்குக் கையைக் காட்டினாள். "இது ஆர்ர கால்?"

"மஜீட் காக்காட."

"ஒரு சவர்க்காரம் வாங்கிக் குடு." வெகுநேரம் பார்த்தாள். இதையும் தள்ளவில்லை. சேட்டுப் படத்தைத் தள்ளினாள். "இது உடுப்புக் கடக் கலண்டர்." வலையைப் பார்த்ததும் விரலை வைத்தாள். "சொட்டு."

"அது காத்தில நிக்குது மம்மி."

"சொட்டு தண்ணி. தூக்கி எறி." தோணித் தண்ணீர் இறைக்கும் தகரப்பேணியின் படத்தில் இன்னும் குனிந்தாள். "இதுக்குள்ள பாரு. அடியில மினுங்குது."

அவன் பார்த்தான். பேணியின் அடியில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் இருந்தது. எடுத்தபோது காணவில்லை. வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. "கள்ளன்," என்றாள் எடித்.

"நான் காணல்ல."

"நீ எதத்தான் கண்டாய்?"

ஷோனுக்கு அடக்க முடியவில்லை. "மம்மி, அண்டைக்கு நான் வேணுமெண்டு சொல்லல்ல."

"அதப்பத்தி வாய் திறந்தா இத மூடிற்றுப் போவன்."

"நான் ரெண்டு நாள்..."

"மூடவா?"

அவன் வாயை மூடினான். அவள் எட்டாவது படத்தைப் பார்த்து, தள்ளினாள். அது மஜீட்டின் முதுகு. "எல்லாரும் முதுகு எடுக்கிறாங்க."

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் வந்தது. லெஸ்டரின் சேட்டில் குங்குமமும் வியர்வையும். நேரே மேசைக்கு வந்தான்.

"ஒம்பது தரம் கோல் எடுத்தன் உனக்கு. ஒம்பது தரம்! தாலி கட்டக்குள்ள எனக்கு முன்னால ஐயர்ர முதுகு. மற்றப் பக்கத்தில நிக்க ஆள் இல்ல. தாலி கட்டின படம் இல்லாத அல்பத்த நான் எந்த மூஞ்சோட குடுப்பன்?"

"இவன் வந்திருந்தா அந்த முதுகில தண்ணி தேடியிருப்பான்," என்றாள் எடித்.

லெஸ்டர் கமராவைத் தூக்கினான். ஷோன் கையை நீட்டவில்லை. நீட்டினால் அடிதடி ஆகும் என்று தெரிந்தது. அடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

"வை அத," என்றாள் எடித்.

"நேற்றே சொல்லிற்றன் மம்மி. வரல்லயெண்டா எடுப்பன் எண்டு."

"வை. எட்டுப் பாத்தன், நாலு குப்ப. திருப்பி எடுக்கோணும். கமரா இல்லாம எதால எடுப்பான், உன்ட மண்டையாலயா?"

லெஸ்டர் தாயையும் ஷோனையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க இவனோட கதைக்கிறீங்களா?"

"கதைக்கல்ல. ஏசுறன்."

"மம்மி, இவன் உங்கள..."

"எனக்குத் தெரியும் இவன் என்ன செய்தான் எண்டு. உனக்குத்தான் தெரியாது. அந்தப் படத்தப் பாக்காமலேயே அனுப்பினது ஆர்?" எடித்தின் குரல் உயரவில்லை. "இவன ஒரு கலியாணத்துக்கும் கூப்பிடாத. இவனுக்கு ஏலாது. ஒரு தகரப்பேணிக்குள்ள என்ன இருக்கெண்டு பாக்கத் தெரியாதவனுக்குப் பொம்புளயும் மாப்பிளயும் எதுக்கு? ஆத்தில விடு. அங்க எடுத்தா ஒருத்தனுக்கும் நட்டமில்ல."

லெஸ்டர் கமராவைத் திருப்பினான். பொத்தானை அழுத்தி நீளமான லென்ஸைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் திணித்தான். "லென்ஸ் ஸ்டூடியோட. இத மம்மி சொன்னாலும் தரமாட்டன்." கமராவை மேசையில் வைத்தான். போகும்போது கதவைச் சாத்திய சத்தத்தில் சுவரில் இருந்த மாதா கொஞ்சம் திரும்பினார்.

கமரா முன்பக்கம் ஓட்டையாகக் கிடந்தது. வளாகத்து அலுமாரியில் மண் படம் எடுக்கும் சின்ன லென்ஸ் ஒன்று இருந்தது. தூரத்தில் இருப்பதை அது கிட்டக் கொண்டுவராது. கண்டல் காட்டுத் தோணிகளை இனி அப்படி வெட்டி எடுக்க முடியாது; கிட்டப் போகவேண்டியிருக்கும். மஜீட் காக்கா ஏசுவார். ஷோன் கமராவின் வாயில் தூசி போகாமல் மூடியைப் போட்டான்.

"ஒம்பதாவது," என்றாள் எடித்.

ஒன்பதாவது, தண்ணீரில் மேயப் போகும் மாட்டைக் கட்டுகிற மரக்குற்றி. மேல்பாதி மட்டும். பின்னால் ஆகாயம்.

"கோணல்."

"கோணல் இல்ல மம்மி. நேராத்தான் நிக்குது."

அவள் எழுந்து உள்ளே போனாள். மாமனார் ஏர்ல் தச்சுவேலைக்காரர். செத்து ஆறு வருடம். அவருடைய தச்சு ஆயுதப்பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு வந்தாள். அதைத் திரையில் குற்றியின் ஓரமாக நிறுத்திப் பிடித்தாள். குமிழி மெல்ல நகர்ந்து இடப்பக்கக் கோட்டைத் தாண்டி நின்றது.

"பாத்தாயா?"

"மேச கோணலா இருக்கும்."

எடித் கண்ணாடியைக் கழற்றினாள். "என்ன சொன்ன?"

"மேச."

"ஏர்ல் செய்த மேச கோணலா?"

"வச்சுப் பாருங்க."

அவள் ரசமட்டத்தை மேசையில் அறைந்து வைத்தாள். இரண்டு பேரும் குனிந்தார்கள். குமிழி சரியாக நடுவில் வந்து நின்றது. அவளுடைய முகம் அவனுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதில் சிரிப்பு இல்லை.

"தோணி ஆடினது," என்றான் ஷோன்.

"ஆடாத தோணி எங்க இருக்கு? குப்ப. இதோட அஞ்சு. பத்தாவதக் காட்டு."

"இது குப்ப இல்ல. இந்தக் குற்றியே அப்படித்தான் சரிஞ்சு நிக்குது. மாடு இழுத்து இழுத்து."

"அப்ப மாட்டயும் சேத்து எடுத்திருக்கோணும். மாடு இல்லாம எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் பத்தாவதைத் தட்டினான். அவள் சொன்னது சரி என்பதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.